உலகம்மை காத்த தாழ்ப்பாள்

ஆரியசாலையில் மொத்தக் கடைகளின் நெரிசலுக்கு நடுவே மூன்று மாடிக்கு நிமிர்ந்து நிற்கும் மங்களச்செல்வி டெக்ஸ்டைல்ஸில், இரண்டாம் மாடியின் கோடியில், துணி போட்டுப் பார்க்கும் அறைகள் நான்கு உண்டு. அந்த நான்கு கதவுகளுக்கும் முன்னால் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல். அந்த ஸ்டூலில்தான் உலகம்மை உட்கார்ந்திருப்பாள்.

பணகுடிக்காரி. கல்யாணமாகித் திருவனந்தபுரத்துக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. புருஷன் சாலைக் கம்போளம் என்கிற பெரிய சந்தையில் மூட்டை இறக்குகிறவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற ஜாதி. மகள் விஷ்ணுப்ரியா அம்மாவிடம் தமிழில் சண்டை போட்டு மலையாளத்தில் சமாதானமாவாள். கிள்ளிப்பாலத்துக்குப் பக்கம் ஒற்றை அறை வீடு. வீட்டில் புடவை மாற்ற வேண்டுமென்றால் மற்ற இரண்டு பேரும் வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அதனாலேயோ என்னவோ, ஒருத்தி உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடுகிற சத்தம் உலகம்மைக்குப் பிடிக்கும். ‘டக்’ என்று அது விழுந்ததும், அவளே உள்ளே போய் நிம்மதியாக மூச்சு விட்ட மாதிரி இருக்கும்.

கடை முதலாளி செல்வமணிக்கு அந்தச் சத்தமே ஆகாது.

காரணம் இருந்தது. சுடிதார் டாப்புகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. உள்ளே போகிறவர்கள் தங்கள் துணிக்கு அடியில் கடைத் துணியைப் போட்டுக்கொண்டு, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் படியிறங்கிப் போனார்கள். ஆளுக்கு மூன்று ஹாங்கர்தான் என்று முதலாளி சட்டம் போட்டார். ஒரே ஹாங்கரில் இரண்டு டாப்பை ஒன்றுக்குள் ஒன்றாக மாட்டிக்கொண்டு போனார்கள். கதவுகளின் அடிப்பக்கத்தை அறுத்துவிட்டு, கால் தெரிந்தால் பயம் இருக்கும் என்றார். கால்கள் நன்றாகத் தெரிந்தன. துணிகள் போய்க்கொண்டே இருந்தன.

"உள்ள ஒரு கேமரா வைக்கப் போறேன்" என்றார் ஒரு நாள்.

மேனேஜர் ஹரிகுமாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நெய்யாற்றின்கரைப் பையன், சட்டம் படிக்கப் போய்ப் பாதியில் விட்டுவிட்டுத் துணிக்கடைக்கு வந்தவன். அந்தப் பாதிச் சட்டம் அவனை விட்டுப் போகவே இல்லை.

"அய்யோ சாரே, அது வேண்டாம் கேட்டோ. ட்ரையல் ரூமுக்குள்ள கேமரா வச்சா, களவு போன சுடிதாரக் கண்டுபிடிக்கதுக்கு முன்ன நம்மளக் கொண்டுபோயிருவாங்க."

முதலாளி ஒரு வாரம் யோசித்தார். பிறகு, சாலைக் கம்போளத்திலிருந்து ஒரு பொம்மைக் கேமரா வாங்கி வந்தார். கறுப்புக் கண்ணாடிக் குமிழ். உள்ளே ஒரு பேட்டரி, ஒரு சிவப்பு விளக்கு. அவ்வளவுதான். படம் பிடிக்காது, மினுக்கும். அதை மூன்றாம் நம்பர் அறையின் மேல்மூலையில் தன் கையாலேயே மாட்டினார்.

"இதுல ஒண்ணும் தெரியாதுல்லா? தெரியாட்டா தப்பு இல்ல. ஆனா திருடிக்குத் தெரியாதுல்லா, இதுல ஒண்ணும் தெரியாதுன்னு!" என்று தன் புத்திக்குத் தானே சிரித்துக்கொண்டார்.

திருடிக்கு மட்டுமல்ல, யாருக்குமே அது தெரியாது என்பதை அவர் யோசிக்கவில்லை. அன்று மத்தியானமே மூன்றாம் நம்பரிலிருந்து ஒரு அலறல். கல்லூரிப் பெண் ஒருத்தி வெளியே ஓடிவந்து நடு மாடியில் நின்று கத்த, அவளுடைய அம்மா செருப்பைக் கழற்ற, பக்கத்து நகைக்கடையிலிருந்துகூட ஆட்கள் ஏறி வந்துவிட்டார்கள். எஸ்.ஐ. ஸ்வப்னா ஜீப்பில் வந்து இறங்கினார்.

"மேடம், அது பொம்மை!" என்று செல்வமணி கும்பிட்டார். "சத்தியமா அது கேமரா இல்ல. நான் ஆளுகள ஏமாத்தத்தான் வச்சேன்!"

"ஓஹோ. ஆளுகள ஏமாத்த வச்சதாணோ?"

"ஆமா மேடம்! வெறும் ஏமாத்து வேலைதான்! பேசிக்கா நான் ஒரு ஃபிராடு மேடம், நீங்க நினைக்குத மாதிரி ஆள் இல்ல!"

ஜனங்களுக்கு முன்னால் ஒரு வியாபாரி தன்னைத்தானே ஃபிராடு என்று நெஞ்சில் அடித்துச் சொன்னதை உலகம்மை அன்றுதான் பார்த்தாள். எஸ்.ஐ. அந்தக் குமிழைச் சுத்தியால் உடைத்தார். உள்ளே ஒரு சீன எழுத்துப் பேட்டரி மட்டும் உருண்டு விழுந்தது. கூட்டத்தில் பாதிப் பேருக்கு ஏமாற்றம். அந்தக் கல்லூரிப் பெண்ணிடம் செல்வமணி கையெடுத்து மன்னிப்புக் கேட்டார். எழுத்தில் எச்சரிக்கை வாங்கிக்கொண்டு அன்றைக்குத் தப்பித்தார். ஆனால் மறுநாளே ஆரியசாலை முழுக்க ஒரு விஷயம் தெரிந்துபோனது: மங்களச்செல்வியில் கேமரா கிடையாது.

துணிகள் இன்னும் வேகமாகப் போக ஆரம்பித்தன.

அப்போதுதான் ஹரிகுமார் ஒரு வழி சொன்னான். "பாக்கத்தான் கூடாது சாரே. பேசறதுக்குத் தடசம் ஒண்ணும் இல்லல்லோ. உலகம்மைச் சேச்சி வெளிய இருந்து கதைச்சுக்கிட்டே இருக்கட்டும். பதில் சொல்லிக்கிட்டே ஆராலும் நிம்மதியா களவெடுக்க ஏலாது."

உலகம்மைக்கு இதைவிட நல்ல வேலை யார் கொடுக்க முடியும்? வீட்டில் முத்து உதிரும் என்று வாயை மூடிக்கொண்டிருக்கும் மனுஷனோடு இருபது வருஷம் குடித்தனம் நடத்தியவள். மடை உடைத்துக்கொண்டது.

"எம்மா, செரியா இருக்கா? தோள்ல பிடிக்குதா? எந்த ஊரு? ஓ, பேயாடு ஊரா! மாமியா கூட இருக்காகளா? சாப்பிட்டாச்சா? என்ன கறி?"

முதல் நாள் உள்ளேயிருந்து "ம்" என்ற பதில் வந்தது. இரண்டாம் நாள் "ஆமா சேச்சி." அந்த வாரக் கடைசியில், நான்காம் நம்பருக்குள்ளிருந்து ஒருத்தி, முகம் தெரியாத அந்தக் கதவைப் பார்த்து, தன் புருஷனின் கடன்காரத் தம்பியைப் பற்றி முழுசாகச் சொல்லி முடித்து, மூக்கைச் சிந்தி, ஒரு டாப்பும் எடுக்காமல் "ஆசுவாசமாயி சேச்சி" என்று இறங்கிப் போனாள்.

திருட்டு நின்றது. கூடவே வியாபாரமும் பாதி நின்றது. நான்கு அறைகளிலும் ஆட்கள் இருந்தார்கள். ஆனால் யாரும் துணி மாற்றவில்லை. பேசிக்கொண்டிருந்தார்கள். சிலர் கைக்கு அகப்பட்ட ஏதோ ஒரு துணியை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஒரு அம்மாள் ஆண்கள் வேட்டியோடு வந்து நின்றாள்.

இதற்கு நடுவில் ஒரு விபத்தும் நடந்தது. ஒன்றாம் நம்பரில் ஒரு மாமியார், நான்காம் நம்பரில் அவள் மருமகள். ஒருத்தி வந்தது மற்றவளுக்குத் தெரியாது, உலகம்மைக்கும் தெரியாது. ஒன்றாம் நம்பர் சொன்ன குறையை நான்காம் நம்பருக்கு ஆறுதலாகச் சொல்லப் போனாள். "உங்க மாமியா எவ்வளவோ மேல்மா. இந்தா ஒண்ணாம் நம்பர்ல ஒரு அம்மா இருக்காக, மருமக ஃபோன எடுத்து ஒளிச்சு வச்சிட்டு, தேடவிட்டு வேடிக்கை பாப்பாகளாம்." நான்காம் நம்பரின் தாழ்ப்பாள் ‘டக்’ என்று திறந்தது. அதற்குப் பிறகு நடந்த சண்டையை ஹரிகுமாரும் விற்பனைப் பெண்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் விலக்கிவிட்டார்கள்.

அன்று உலகம்மைக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணால் பார்க்கக் கூடாது என்று இவ்வளவு பாடுபட்டுவிட்டு, காதால் கேட்டதை வாயால் கொட்டினால் கதவு எதற்கு? இனி ஒரு கதவுப் பேச்சு இன்னொரு கதவுக்குப் போகாது என்று முடிவு கட்டினாள். ஆனால் பேச்சை மட்டும் நிறுத்தவில்லை. அது அவளால் ஆகாத காரியம்.

ஓணத்துக்கு இன்னும் சில நாட்களே இருந்தபோது ஸ்ரீலட்சுமி வந்தாள்.

அப்போது பெயர் தெரியாது. ஐம்பதை ஒட்டிய வயது, நெற்றியில் சின்னச் சாந்துப்பொட்டு, தோளில் ஆபீஸ் பை. நல்ல பருத்திச் சுடிதார். மூன்று ஹாங்கரைத் தூக்கிக் காட்டிவிட்டு மூன்றாம் நம்பருக்குள் போனாள். ‘டக்.’

"எம்மா, செரியா இருக்கா?"

"இருக்கு."

"எந்த எடம் நீங்க?"

"ஸ்ரீவராகம்."

பிறகு ஹாங்கர் உரசுகிற சத்தம், ஒரு ஜிப் ஏறுகிற சத்தம், ஒரு பெருமூச்சு, ஒரு முக்கல். அப்புறம் கதவில் ‘தொம்’ என்று ஏதோ மோதியது.

"எம்மா?"

மறுபடியும் தொம்.

"எம்மா, என்னாச்சு? மயக்கமா?"

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, துணிக்குள் புதைந்த குரல் மெல்ல வந்தது. "மாட்டிண்டுட்டேன்."

"எதுல?"

"எல்லாத்துலயும்."

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வெளியே வந்தது. கடை டாப்புகள் மூன்றை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டாயிற்று. மேலே இருந்தது அளவு சின்னது. அதன் ஜிப் பாதியில் ஏறி, அடியில் இருந்ததன் லேஸைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது. அதற்கும் மேலே தன் சொந்த டாப்பை மாட்டப் போகையில் கைகள் இரண்டும் சட்டைக் கைக்குள் நுழைந்து, தலைக்கு மேலே தூக்கியபடியே இறுகிப்போயின. கீழே இறங்கவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. தலை துணிக்குள். தாழ்ப்பாள் கைக்கு எட்டாது. ஏனென்றால் கையே இல்லாத மாதிரி.

"எனக்கு மூச்சு முட்டறது. யார்கிட்டயும் சொல்லாதே."

உலகம்மை சொல்லவில்லை. ஆனால் தொம் தொம் என்ற சத்தம் சொல்லிவிட்டது. ஹரிகுமார் வந்தான். அவனுக்குப் பின்னால் செல்வமணி இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தார். விஷயம் புரிந்ததும் அவர் முகத்தில், மீன் மாட்டியவனின் சந்தோஷம்.

"ஆம்பிட்டால்லா! கதவ ஒடைங்கல!"

"ஒடைக்கப்பிடாது சாரே" என்றான் ஹரிகுமார்.

"ஏன்?"

"களவு இன்னும் நடக்கல்லல்லோ. அவங்க ட்ரையல் ரூமுக்குள்ள இருக்காங்க. ட்ரையல் ரூமுக்குள்ள துணி போட்டுப் பாத்தா அது ட்ரையல். கடை வாசலக் கடந்தாத்தான் களவு. இப்போ லீகலி அவங்க கஸ்டமர் ஆணு."

"மூணு உடுப்ப ஒண்ணுக்கு மேல ஒண்ணாவா போட்டுப் பாப்பாங்க?"

"அப்படிப் போட்டுப் பாக்கக் கூடாதுன்னு நாம போர்டு வைக்கல்லல்லோ."

செல்வமணி கதவைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார். "சரி, கஸ்டமர வெளிய வரச் சொல்லு. வந்து வாசலக் கடக்கச் சொல்லு. அப்புறம் பிடிக்கேன்."

"கை தூக்கினபடிக்கு மாட்டியிருக்காக மொதலாளி. எப்படி வருவாக?" என்றாள் உலகம்மை.

"அப்ப ஒடைக்கேன்."

உலகம்மை ஸ்டூலைத் தூக்கி மூன்றாம் நம்பர் கதவை ஒட்டிப் போட்டு, அதில் உட்கார்ந்து, முதுகைக் கதவில் சாய்த்துக்கொண்டாள். அவள் உடம்பு வாகுக்கு அதுவே ஒரு தாழ்ப்பாள்.

"உள்ள இருக்கது பொம்பள மொதலாளி. துணி மாத்துத எடம். திருடியோ திருடி இல்லையோ, அவுகளாத் தொறக்க முந்தி ஒரு ஆம்பள உள்ள போவப்பிடாது. பெறவு உங்க இஷ்டம், என்னைய வேலைய விட்டு நிறுத்துங்க."

இருவரும் சற்றுத் தள்ளிப் போய்ச் சட்டம் பேச ஆரம்பித்தார்கள். உலகம்மை கதவுப் பக்கம் தலையைச் சாய்த்தாள்.

"எம்மா, கையால ஆவாது. தாடையால முடியுமா? தாப்பா உங்க தோளு ஒசரத்துக்குத்தான் இருக்கும். குனிஞ்சு தள்ளுங்க."

உள்ளே தொம். "அது மூக்கு" என்றது குரல்.

"கொஞ்சம் எறங்கிப் பாருங்க. ஏன்மா, கேக்கேன்னு வருத்தப்படாதீய. உங்களப் பாத்தா வாங்க வழியில்லாதவுக மாதிரி தெரியலியே. பெறவு என்னத்துக்கு?"

ஒரு முக்கலுக்குப் பிறகு குரல் வந்தது.

"பணம் இருக்கு. நான்தான் சம்பாதிக்கறேன். ஆனா ஒண்ணு வாங்கிண்டு போனா ஆத்துல எல்லாருக்கும் காட்டணும். மாமியாருக்கு, நாத்தனாருக்கு, ஓரகத்திக்கு, எதிராத்து மாமிக்கு. இந்த வயசுல எதுக்கு இந்தக் கலர், என்ன விலை, கையில சாயம் ஒட்டறதான்னு பத்துப் பேர் தொட்டுப் பாப்பா. நான் உடுத்திக்கறதுக்குள்ள அது பழசாயிடறது. திருடினா யாருக்கும் காட்ட வேண்டாமோன்னோ? அது எனக்கு மட்டும்."

"அப்ப அத எப்பம் போட்டுக்கிடுவிய?"

"போட்டுக்கறதே இல்லை. பீரோவுக்கு அடியில வெச்சிருக்கேன்."

உலகம்மை வாழ்க்கையில் எத்தனையோ காரணம் கேட்டிருக்கிறாள். இது புதுசு. சிரிப்பு வந்தது, கூடவே கிள்ளிப்பாலத்து ஒற்றை அறையும் ஞாபகம் வந்தது. அந்த நேரம் உள்ளே ‘டக்’ என்று தாழ்ப்பாள் திறந்தது.

"நீ மட்டும் வா. கண்ணை மூடிண்டு வா."

உலகம்மை கண்ணை மூடிக்கொண்டே உள்ளே போனாள். தடவித் தடவிப் பார்த்ததில் கை, கைக்கு மேல் கை, லேஸ், வேர்வை, சாந்துப்பொட்டு. சொந்த டாப்பின் விளிம்பைப் பிடித்துத் தன் முழுப் பலத்தோடு கீழே இழுத்தாள். பர்ரென்று ஒரு தையல் விட்டது. கைகள் இறங்கின. தலை வெளியே வந்து காற்றை வாரிக் குடித்தது. ஆனால் அடியில் இருந்த ஜிப் அசையவே இல்லை. நான்கு சட்டைகளும் ஒரே உடம்பாக ஒட்டிக்கொண்டு, ஸ்ரீலட்சுமி பஞ்சு திணித்த தலையணை மாதிரி நின்றாள்.

"கண்ணைத் தொறந்துக்கோ. ஆனா வெளியில எல்லாரும் பாப்பாளே!"

உண்மைதான். மாடியில் அதற்குள் இருபது முப்பது பேர் கூடியிருந்தார்கள். உலகம்மை தலையை மட்டும் நீட்டி, விற்பனைப் பெண்களைக் கூப்பிட்டாள். "ஏட்டி, அந்த டபுள் பெட்ஷீட்ட ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கிட்டு வாங்க. படி வரைக்கும் மறைக்கணும்."

நான்கு பெண்கள் பூப்போட்ட பெட்ஷீட்டுகளை உயர்த்திப் பிடித்து நடந்தார்கள். நடுவில் யாரோ ஒருவர் போகிறார். உலகம்மை முன்னால் வழி விடச் சொல்கிறாள். திருவனந்தபுரத்தில் இப்படி மறைத்துக் கூட்டிப் போகிறார்கள் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு.

"ஆரா அது? சினிமா நடியாணோ?" என்றது ஒரு குரல்.

"சீரியல்ல வரும்லா, அந்த அம்மா!" என்றது இன்னொன்று.

அவ்வளவுதான். மேல் மாடியில் இருந்தவர்கள் கீழே வந்தார்கள், கீழ் மாடியில் இருந்தவர்கள் மேலே வந்தார்கள், தெருவில் வாழைக்குலை வாங்கிக்கொண்டிருந்தவர்கள் குலையோடு உள்ளே வந்தார்கள். எல்லாக் கையிலும் ஃபோன். பெட்ஷீட்டுக்குள் ஸ்ரீலட்சுமி, உலகம்மையின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

செல்வமணி வாசலில் நின்றுகொண்டிருந்தார், பிடிக்கத் தயாராக. கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டது. "முதலாளி, நடி வந்திருக்காங்களா? இங்கதான் துணி எடுப்பாங்களா?" அவர் வாயைத் திறந்தார். தெருக்கோடி வரை தலைகள் தெரிந்தன. ஓணத்துக்கு இன்னும் சில நாள்கள். எதிர்க் கடையின் முதலாளி வெளியே வந்து வயிறெரிந்து பார்த்துக்கொண்டிருந்தார். செல்வமணியின் தொண்டைக்குள் ‘திருடி’ என்ற சொல் ஏறி வந்து, நாக்கு நுனியில் நின்று, திரும்பி இறங்கிப் போனதை உலகம்மை தன் கண்ணால் பார்த்தாள்.

"தயவு செஞ்சு தள்ளி நில்லுங்க!" என்று அவர் கையை விரித்தார். "அவுங்களுக்கும் பிரைவசி உண்டும்லா! ஃபோட்டோ எடுக்கப்பிடாது! நம்ம கடையில கஸ்டமர்தான் தெய்வம்!"

கூட்டம் கட்டுக்கடங்காமல் போகவே எஸ்.ஐ. ஸ்வப்னா மறுபடியும் வந்தார். லத்தியை உயர்த்தி அவரே வழி விலக்கினார். பில் கவுண்டருக்குப் பக்கத்தில் பெட்ஷீட் ஊர்வலம் ஒரு நிமிஷம் நின்றது. உலகம்மை குனிந்து கேட்டாள். "எம்மா, வாங்கிருவமா?" பெட்ஷீட்டுக்குள்ளிருந்து ஒரு தலையாட்டல். பில் போடும் பெண் ஸ்கேனரைப் பெட்ஷீட்டுக்கு அடியில் நீட்டினாள். உள்ளே தொங்கிய சீட்டுகளைத் தேடி அது பீப், பீப், பீப் என்று மூன்று தடவை கத்தியது. உள்ளேயிருந்து நீண்ட ஒரு ஃபோன் கணக்கைத் தீர்த்தது.

வாசலில் ஆட்டோ. ஏறுவதற்கு முன் ஸ்ரீலட்சுமி உலகம்மையின் கையைப் பிடித்தாள்.

"ஆத்துல போய் எப்படிக் கழட்டறது?"

"வெளக்கெண்ணெ போடுங்க, ஜிப்பு எறங்கும். யாராவது கேட்டா ஒரே சட்டதான், கனமான துணின்னு சொல்லுங்க."

ஸ்ரீலட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான்கு சட்டையோடு சிரித்ததில் ஆட்டோவே குலுங்கியது. எஸ்.ஐ. விசில் ஊத, ஆட்டோ கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு போனது.

அந்த ஓணத்துக்கு மங்களச்செல்வியில் நிற்க இடமில்லை. வந்தவர்களெல்லாம் மூன்றாம் நம்பர் அறைதான் வேண்டும் என்றார்கள். மற்ற மூன்றும் காலியாகக் கிடந்தாலும் மூன்றாம் நம்பருக்கு வரிசை படிவரை நின்றது. "சேச்சி, ஆரு வந்தது? என்னோட மட்டும் சொல்லுங்க" என்று கேட்காதவர்கள் இல்லை. உலகம்மை கவலைப்பட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "அதச் சொல்லப்பிடாது கேட்டியளா" என்றாள். அவளால் ஒன்றை வாய்க்குள் அடக்கி வைக்க முடிந்தது என்பதை அவளாலேயே நம்ப முடியவில்லை. வீட்டில் விஷ்ணுப்ரியா காலைப் பிடித்துக் கெஞ்சினாள். "அம்மே, ப்ளீஸ் அம்மே, ஞான் ஆரோடும் பறயில்லா!" சொல்லவில்லை. மகள் கோபித்துக்கொண்டு பேச்சை நிறுத்தினாள். வாயே திறக்காத புருஷன்கூட, சாப்பிட்டுக் கை கழுவும்போது, "யாருட்டீ அது?" என்றார். அவருக்கும் இல்லை.

துணிகள் மறுபடியும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகத் தொடங்கியிருந்தன. அந்தக் கூட்டத்தில் யார் கவனிப்பார்கள்? செல்வமணியே கவனிக்கவில்லை. அவர் வாசலில் நின்று வருகிறவர்களிடம் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் ‘ஒரு நடிகை’ என்றார். பிறகு ‘பெரிய நடிகை’ என்றார். கார்த்திகை வருவதற்குள் அந்த அம்மாள் அவரிடம் குடும்ப விஷயம்கூடப் பேசியிருந்தாள்.

ஒரு நாள் மத்தியானம், கூட்டம் குறைந்த நேரம், அவர் மாடியேறி வந்து மூன்றாம் நம்பர் கதவை ஆசையாகத் தடவிப் பார்த்தார்.

"உலகம்மா, அன்னைக்கு அந்தம்மா எவ்வளவு பெரிய ஆளு! ஒரு பந்தா உண்டுமா? நீ கிட்ட இருந்து பாத்தவல்லா, சொல்லு."

உலகம்மை அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். விளையாட்டு இல்லை. மனுஷன் நிஜமாகவே கேட்கிறார்.

"பந்தா ஒண்ணும் இல்ல மொதலாளி" என்றாள். "பாவம், நல்லா வேர்த்திருந்துச்சு."

"லைட்டு வெளிச்சத்துலயே நிக்கவங்கல்லா, வேர்க்கத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார். இரண்டாம் நம்பருக்குள் யாரோ தாழ்ப்பாள் போட்டார்கள். உலகம்மை ஸ்டூலை அந்தப் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, "எம்மா, எந்த ஊரு?" என்று ஆரம்பித்தாள்.